பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறா

காட்பாடி தாண்டியதும் என் பைக்குள்ளிருந்து சுறா வாசம் எழுந்தது. அதுவரை ஐஸ் அதை அடக்கி வைத்திருந்தது. மற்ற மீன்களின் வாசம் கரையோடு நின்றுவிடும். சுறாவின் வாசம் ஊசி மாதிரி மூக்கின் உச்சிக்கு ஏறும். கொஞ்சம் நவச்சாரம், கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு. ஊசி ஏறிய கணத்தில் எனக்கு ஏழு வயது. ராயபுரம் பள்ளிக்கூட வாசலில் வெள்ளிக்கிழமை வரிசை. ஒரே கரண்டியால் அறுபது வாய்களில் சுறா எண்ணெய் ஊற்றிக்கொண்டே போகிறாள் பள்ளிக்கூடத்து ஆயா. விழுங்கியதற்குச் சாட்சியாக நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். கடலின் பலமெல்லாம் இந்தக் கரண்டியில் இருக்கிறது என்றார்கள். நம்பினேன். நாற்பத்தேழு வயதிலும் அந்த நம்பிக்கை எங்கோ ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று கிலோ சுறாவைச் சுமந்துகொண்டு பெங்களூர் போவேனா?

2003, ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. காலை 7.15-க்குச் சென்ட்ரலில் ஏறியிருந்தேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை 358 கிலோமீட்டர். தங்கை கலைவாணிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து இருபத்திரண்டு நாள். எங்கள் கடற்கரைப் பக்கம் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவன் தங்கம் கொண்டுபோகாவிட்டாலும் பேச்சில்லை, சுறா கொண்டுபோகாவிட்டால் பேச்சு வரும். சுறாவை மஞ்சள் போட்டு அவித்து, சொரசொரத் தோலை உரித்து, சதையை உதிர்த்துப் பிழிந்து, பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துப் புட்டாக வதக்கிக் கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது கணக்கு. காசிமேட்டில் கிலோ எண்பது ரூபாய். ஆளுயரத்துக்கு மேல் நீண்டு கிடந்த ஒரு சுறாவின் நடுத்துண்டு. சதை கெட்டியாக இருக்கும் என்று கடைக்காரம்மா தட்டிக் காட்டினாள்.

எதிர் இருக்கையில் கணினிப் பை வைத்திருந்தவர் மூக்கைச் சுளித்து நான்கு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்தார். ஜன்னலோரம் இருந்த அம்மாள், பங்காருப்பேட்டைக்குப் போகிறவர், பையை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார்.

"பொண்ணுக்கா, தங்கச்சிக்கா?"

தங்கச்சிக்கு என்றேன். என்ன குழந்தை என்று கேட்டார். பிறகு அந்த வாசத்துக்கு அவரே வழக்கறிஞராகிவிட்டார். ஜோலார்பேட்டையில் ஏறியவர்கள் முணுமுணுத்தபோது, பிள்ளை பெத்தவளுக்குப் போகுதுங்க என்று ஒரு வார்த்தை சொன்னார். பெட்டி அடங்கியது. ஒரு நாற்றம் மன்னிக்கப்படுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இந்த நாட்டில் இல்லை.

மதியம் ஒரு மணிக்குக் கன்டோன்மென்ட். வெயில் இருக்கிறது, சூடு இல்லை. சென்னைக்காரனுக்கு முதலில் பிடிபடாத விஷயம் அது. ஜோகுபாளையத்துக்கு ஆட்டோ மீட்டரில் இருபத்து மூன்று ரூபாய் ஆயிற்று. ஓட்டுநர் இருபத்தெட்டு கேட்டார். மீனுக்குத் தனி டிக்கெட்டா என்றேன். "டிக்கெட் இல்லா சார், வண்டி கழுவற காசு. அடுத்த சவாரி கல்யாண பார்ட்டி ஏறுச்சுன்னா என்னை என்னா பண்ணுவாங்க?" என்றார். நியாயம்தான். கொடுத்தேன்.

ஹலசூர் ஏரிக்குப் பின்னால் போகும் சந்தில் கீழ்த்தளத்தில் ஒன்றரை அறை வீடு. கலை கதவைத் திறந்தாள். உள்ளே ஏற்கெனவே சுறா வெந்துகொண்டிருந்தது.

"நீயுமா அண்ணா? கடல்ல எதையாவது மிச்சம் வெச்சிருக்கீங்களா?" என்று சிரித்தாள்.

அவள் கணவர் சேகர் பழைய மெட்ராஸ் ரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவர். காலை ஷிஃப்டுக்கு முன், ஐந்தரைக்கே டிவிஎஸ் ஐம்பதில் சிவாஜிநகர் போய்த் தினமும் அரை கிலோ, முக்கால் கிலோ சுறா வாங்கி வருகிறார். பிரசவித்த மூன்றாம் நாள் தொடங்கியது. பத்தொன்பது நாளாக ஒரு நாள் தவறவில்லை. பெண்கள் மட்டுமே புழங்கும் அந்தப் பதினைந்து இருபது நாட்களில் ஓர் ஆண் செய்யக் கூடிய ஒரே வேலை அதுதான் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. மூத்தவள் திவ்யா பிறந்தபோது கலைக்குப் பால் வரவில்லை. புட்டியிலேயே வளர்ந்தாள். முதல் இரண்டு வருஷமும் வயிற்றுப்போக்கு, சளி, ஆஸ்பத்திரி. பால் வராத மார்பு என்று உறவில் யாரோ சொன்ன சொல்லைக் கலை ஆறு வருஷமாக உள்ளே வைத்திருந்தாள். இந்த முறை பால் வந்தது. நன்றாகவே வந்தது. வீட்டில் எல்லோரும் அந்தப் பெருமையைச் சுறாவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மாடியிலிருந்து ராஜேஸ்வரி இறங்கி வந்தாள். வீட்டுக்காரரின் மகள். முப்பது வயதிருக்கும். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். தமிழில் தொடங்கும் வாக்கியம் கன்னடத்தில் ஒரு கால் நனைத்துவிட்டுத் தமிழிலேயே கரையேறும். குழந்தையைக் கொஞ்சிவிட்டுத் தட்டைப் பார்த்தாள்.

"சுறாவா அக்கா? தினமுமா?"

தினமும்தான் என்றார் சேகர், பதக்கம் காட்டுகிறவர் மாதிரி. அவள் விரல் மடித்து எண்ணினாள். முகம் மாறியது. வேலை என்ன என்று நான் கேட்டேன். ஏற்றுமதிக்குப் போகும் இறால், மீன், மிளகாய்த்தூள் எல்லாவற்றிலும் ஈயம், காட்மியம், பாதரசம் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறாளாம். பெரிய மீன்களில் பாதரசம் சேரும், சுறாவில் அதிகம் சேரும் என்றாள்.

சேகர் அசரவில்லை. மஞ்சள் தண்ணீரில் மூன்று தரம் கழுவுகிறோம், அவித்த பிறகு துணியில் போட்டுச் சொட்டு இல்லாமல் பிழிகிறோம், எந்த விஷம் அதற்குள் நிற்கும் என்று கேட்டார். கறை என்றால் கழுவலாம், சேறு என்றால் பிழியலாம் என்பது நாம் எல்லோரும் போடும் கணக்குதானே.

"அது மேல ஒட்டியிருக்கற அழுக்கு இல்லை சேகர் அண்ணா. சதையோட சதையா இருக்கு. நீங்க பிழிஞ்சு கொட்டற தண்ணிதான் சுத்தமா இருக்கும்."

எனக்குக் கால் அரிக்கத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படிப் பார்க்கிறார்கள்? நாளைக்கு வரலாமா என்றேன். தீப்பெட்டி அளவு துண்டு போதும், ஸ்வல்ப, கொஞ்சம்தான், ஐஸ் வைத்துக் கொண்டுவாருங்கள் என்றாள். நான் கொண்டுவந்த சுறாவிலிருந்தே வெட்டினேன்.

புதன், காலை 8.20. ஹலசூரில் ஏறி ஒயிட்ஃபீல்டு பக்கம் போகும் பேருந்து, டிக்கெட் ஏழு ரூபாய். தோப்புகளைக் கண்ணாடிக் கட்டடங்கள் இரண்டு பக்கமும் விரட்டிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம். ராஜேஸ்வரி நின்றுகொண்டே தூங்கினாள். தினம் போகிறவர்களின் தேர்ச்சி அது.

பரிசோதனைக் கூடம் ஒரு மரக்கடைக்கு மேலே இருந்தது. கீழே ரம்பம் பாட, மேலே குப்பிகள் மெல்ல அதிர்ந்தன. துண்டை மசித்து, எடை பார்த்து, அமிலம் ஊற்றிச் சூடுபடுத்தினாள். மீன் முதலில் பழுப்பாகக் கலங்கியது, புகைந்தது, பிறகு தெளிந்தது. அரை மணி நேரத்தில் செவுள் இல்லை, வால் இல்லை, நார் இல்லை, வாசம்கூட இல்லை. கடல் முழுக்க நீந்தியது ஒரு மிடறு தெளிநீராகி நின்றது. பக்கத்தில் மீனே இல்லாத குப்பி ஒன்றும் அதே அமிலம், அதே சூடு எல்லாம் அனுபவித்தது. இது எதற்கு என்றேன். எங்கள் கண்ணாடியிலும் அமிலத்திலும் அழுக்கு இருந்தால் அது மீன்மேல் பழியாக விழும், அதற்காக என்றாள். குற்றம் சாட்டுவதற்கு முன் தன் கையைத் தானே சோதிக்கும் அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருந்தது.

பாதரசத்தை நான் ஒரே ஒரு முறை தொட்டிருக்கிறேன். உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து உள்ளங்கையில் உருண்ட வெள்ளிப் பொட்டு. இங்கே அது ஆவியாகி ஒரு குழாய்க்குள் போகும், குழாயின் ஊடே ஒளி போகும், ஒளி எவ்வளவு மங்குகிறதோ அவ்வளவு பாதரசம். அவ்வளவுதான் வித்தை. கருவி சூடேறக் காத்திருந்த நேரத்தில் இது கடலுக்குள் எப்படி வருகிறது என்று கேட்டேன். கரி எரிக்கும் புகையிலிருந்து, ஆலைகளிலிருந்து, எரிமலைகளிலிருந்துகூட வருகிறது. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதை விழுங்குகின்றன. அவற்றை நெத்திலி, நெத்திலியைச் சீலா, சீலாவைச் சுறா. விழுங்குவது நிறைய, வெளியேற்றுவது கொஞ்சம். வயசாக ஆகச் சேர்ந்துகொண்டே போகும்.

"அப்ப சுறாதான் கடைசி இல்லை, நாமதான்" என்றேன்.

அவள் குப்பியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நாமகூட இல்லை சார். உங்க தங்கச்சி கையில இருக்கறவன்."

மூன்று மணிக்கு எண் வந்தது. அந்த எண்ணை இங்கே எழுதப் போவதில்லை. ஒரு மீனின் ஒரு துண்டு அது. அதை வைத்துக் கடலுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. ஏற்றுமதிக்கு அவர்கள் வைத்திருக்கும் வரம்பை அது தாண்டியிருந்தது என்பது மட்டும் போதும். மீனில்லாத குப்பி சுத்தமாக இருந்தது. ராஜேஸ்வரிக்கு இன்னொரு வேலை பாக்கி இருந்தது. நான் வந்து பேசுகிறேன், நீங்கள் அவசரப்பட வேண்டாம் என்றாள். நான் அவசரப்பட்டேன். புதிதாக ஒன்றைத் தெரிந்துகொண்டவனால் ஏழு ரூபாய் டிக்கெட் தூரம்கூட வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

மாலை ஐந்து மணி. கலை பாயில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றியதும் சொன்னேன். சுறாவில் பாதரசம் இருக்கிறது, அது தாயின் பாலிலும் போகும்.

அவள் சுண்டுவிரலைப் பிள்ளையின் கடைவாயில் நுழைத்து மெல்ல மார்பிலிருந்து விடுவித்தாள். பாயில் கிடத்தினாள். பாதிப் பசியில் பிடுங்கப்பட்டவன் ஒரு நொடி திகைத்து, பிறகு வீறிட்டான். அவள் தூக்கவில்லை. கைகளை மடிக்குள் வைத்துக்கொண்டாள். சேகர் சட்டையை மாட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போய்ப் பால்பவுடர் டின் ஒன்றை வாங்கி வந்து அலமாரியில் வைத்தார். ஆறு வருஷத்துக்கு முன் இருந்த அதே இடமாம். கலை அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் என்ன செய்துவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

ஆறரைக்கு ராஜேஸ்வரி வந்தாள். மாடிப்படியிலேயே அழுகையைக் கேட்டிருக்கிறாள். டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"நான் மீனை நிறுத்தணும்னு சொன்னேன் சார். பாலை நிறுத்தச் சொன்னது யாரு?"

அப்போது கலை பேசினாள். குரலில் கோபம்கூட இல்லை. "மீனை நிறுத்தினா பால் நின்னுடும். மீன் சாப்பிட்டா பால்ல விஷம். நான் எந்தப் பக்கம் போறது அண்ணா, நீயே சொல்லு."

ராஜேஸ்வரி பிள்ளையைத் தூக்கி அவள் மடியில் வைத்து, முதலில் இவனைப் பாருங்கள் அக்கா, நாளைக்கு டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றாள். கலை வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கொடுத்தாள், பயந்துகொண்டே.

வியாழன், காலை பத்து. ஹலசூர் கடைத்தெருவில் குழந்தை மருத்துவர். ஃபீஸ் அறுபது ரூபாய். கன்னடம் கலந்த தமிழில் பேசும் அம்மா, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். கர்ப்பமாக இருக்கும்போது சுறா சாப்பிட்டாயா? இல்லை, மீன் வாடையே ஆகவில்லை என்றாள் கலை. டாக்டர் முகம் தெளிந்தது. வயிற்றில் இருக்கும்போது போவதுதான் அதிகக் கவலை, பாலில் போவது அதைவிடக் கொஞ்சம், இத்தனை நாள் சாப்பிட்டதை உடம்பு மாசக்கணக்கில் மெல்ல வெளியேற்றிவிடும் என்றார். சுறாவை இன்றோடு விட்டுவிடு. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன் வாரம் இரண்டு நாள் போதும். பாலை மட்டும் ஒரு வேளைகூட விடாதே.

கலை நகரவில்லை. முதல் குழந்தைக்குப் பால் வராமல் போனதைச் சொன்னாள். டாக்டர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். அந்தப் பிள்ளைக்கு முதல் தரம் எப்போது பால் கொடுத்தாய்?

"நாலாம் நாள். சீம்பால் ஆகாதுன்னு மூணு நாளும் பிழிஞ்சு கீழ ஊத்திட்டாங்க. குளுக்கோஸ் தண்ணி குடுத்தாங்க, புட்டியில."

"இவனுக்கு?"

"பொறந்த ஒரு மணி நேரத்துல நர்ஸ் வெச்சுட்டாங்க."

டாக்டர் கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார். மேசைக்கு மேலாகக் கலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலை மெதுவாக மடியில் இருந்தவனைக் குனிந்து பார்த்தாள். பால் இவன் உறிஞ்சி உறிஞ்சி வந்ததா என்று கேட்டாள். ஆமாம், இவன்தான் உன் சுறா என்றார் டாக்டர். ஆறு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்த சொல்லை அவள் அந்த நாற்காலியில் இறக்கிவைத்ததை நான் பார்த்தேன். ஆனால் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவள் இல்லை என் தங்கை. வியாழனிலிருந்து மூன்று நாளும் வீட்டில் சுறா இல்லை. தினம் காலையில் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை காலை முன்பக்கம் முழுக்க நனைந்து போய் எழுந்து வந்தவள், அண்ணன் என்றும் பார்க்காமல், "பாரு, பாரு" என்று என்னிடம் காட்டினாள். பிறகு வெட்கப்பட்டுக்கொண்டு உள்ளே போனாள். டின் பிரிக்காமலே கடைக்குத் திரும்பியது.

ஞாயிறு, காலை 5.40. ஊர் திரும்பும் நாள். மத்தி வாங்கப் போன சேகரோடு டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து நானும் சிவாஜிநகர் போனேன். மங்களூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வந்த பெட்டிகளின் ஐஸ் உருகி வாசல்வரை ஓடிக்கொண்டிருந்தது. கடல் இல்லாத ஊரில் கடலின் எல்லாத் திசைகளும் ஒரே கூரைக்குக் கீழே.

பாயின் சுறாக் கடையில் ஒருவர் சேகரைக் கண்டதும் கையை உயர்த்தினார். முருகன் மேஸ்திரி, நீலசந்திராவில் இருக்கிற கொத்தனார். அவர் மனைவிக்கும் கைக்குழந்தை. முழுச் சுறா வாங்கினால் விலை இறங்கும் என்பதால் இருவரும் தினம் ஒன்றரைக் கிலோ சுறாவை எடுத்துத் தலைப்பக்கம் ஒருவர், வால்பக்கம் ஒருவர் எனப் பிரித்துக்கொள்வார்களாம். இன்று உனக்குத் தலை, நாளை எனக்கு. கடையில் அறிமுகமாகி, சுறாவைப் பாதியாகப் பிளந்துகொண்டே வளர்ந்த சிநேகம்.

"என்னா சேகரு, மூணு நாளா ஆளையே காணோம்? பாய் முழுசையும் என் தலையில கட்டிட்டாரு" என்றார் மேஸ்திரி. சிரித்துக்கொண்டுதான். "பரவால்ல, வீட்டுல இப்ப ரெண்டு வேளையும் சுறாதான். நல்லா ஊறட்டும்."

சேகர் வாயைத் திறந்தார். கத்தி பிடித்த கையோடு பாய் நிமிர்ந்து பார்த்தார். சுற்றிலும் பத்துப் பேர். சேகர், டாக்டர் சின்ன மீன் எழுதிக்கொடுத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லி நகர்ந்தார். அரை கிலோ மத்தி, பதினெட்டு ரூபாய். திரும்பும் வழியில் ஹலசூர் சிக்னலில் நின்றபோது முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என் பங்கையும் சேர்த்து அந்தப் பொண்ணு சாப்பிடுது மச்சான்."

மதியம் 2.30, கன்டோன்மென்ட். வண்டிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. நடைமேடை மரங்களிலிருந்து மஞ்சள் பூக்கள் என் காலிப் பையின்மேல் விழுந்துகொண்டிருந்தன. ராயபுரத்தில் என் வீட்டிலிருந்து கடல் எட்டு நிமிஷ நடை. பிறந்ததிலிருந்து அதன் இரைச்சலில் தூங்கியிருக்கிறேன், அதைத் தின்று வளர்ந்திருக்கிறேன், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பக்கத்திலேயே இருப்பதை யார் கேட்கிறார்கள்? கடல் மட்டத்துக்கு மூவாயிரம் அடி மேலே, மரக்கடை மாடியில் ஒரு பெண் எனக்கு என் கடலைக் காட்ட வேண்டியிருந்தது. தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சிதான். அதை எடுத்துக்கொண்டு ஓடிவந்து சொன்ன விதத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

வண்டி வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தது. சேகர் கம்பியைப் பிடித்தபடி கீழே நின்றார். நேராக வீட்டுக்குத்தானே மாப்பிள்ளை என்றேன். நீலசந்திரா போகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி வீட்டில்தான் இருப்பார். வண்டி அசைந்தது. என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டேன். கம்பியை விடாமல் நான்கு எட்டு கூடவே நடந்தார்.

"மொதல்ல பாலை நிறுத்தாதம்மான்னு சொல்லுவேன் மச்சான். அது அந்தப் பொண்ணு மனசுல நல்லாப் பதிஞ்ச பிறகுதான் மீனைப் பத்தியே பேச்செடுப்பேன்."